லூர்து அக்கா ஒளித்து வைத்த மொழி

பிலிப்பீன்காரர் எல்லாரும் ஒரே பாஷைதான் பேசுவார்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் அஞ்சலீனாவுக்குப் பொல்லாத கோபம் வரும். லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் அவள் வீட்டுக்கு வந்துபோகிற சனத்துக்கு இது தெரியும். தெரிந்தும் சிலர் வேண்டுமென்றே வாயைக் கிளறுவார்கள். அவளுடைய கணவர் சூசைதாசனே சில நேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்துகொண்டு, "பிலிப்பீன் பாஷை கேக்க வடிவாத்தான் இருக்கு" என்று ஒரு பொடி வைப்பார். அஞ்சலீனா குசினிக்குள் இருந்தபடியே, "எது, தகாலோக்கோ செபுவானோவோ?" என்று கேட்பாள். பிறகு அரை மணித்தியாலத்துக்கு அந்த வீட்டில் வேறு கதை நடக்காது.

இத்தனைக்கும் அவள் படித்தது மன்னாரில் பேசாலைப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். பிலிப்பீன்ஸ் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை. அவளுடைய இரண்டு மொழிப் படிப்பும் ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் தொடங்கி, நாலு தெரு தள்ளியிருந்த ஒரு மேல்மாடி வீட்டின் குசினியில் முடிந்தது. சொல்லிக் கொடுத்தது ஒரே ஆள்தான். லூர்து அக்கா.

1984இல் அஞ்சலீனா லண்டனுக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு இருபத்தேழு வயது. அங்கே மிச்சம் என்ற இடத்தில் இருந்த அண்ணன் செபஸ்தியாம்பிள்ளைதான் கூப்பிட்டிருந்தார். அண்ணன் நல்ல மனிதர். மச்சாள் மேரிறோஸும் கெட்டவள் இல்லை, ஆனால் யாழ்ப்பாண டவுணில் பிறந்து வளர்ந்தவள். அஞ்சலீனா மன்னார்த் தமிழில் நீட்டி இழுத்து ஏதாவது சொன்னால், மேரிறோஸ் சிரிக்காமல் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். வீட்டுக்கு வந்திருக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். பகிடிதான், குத்தல் இல்லை. ஆனால் ஒரே பகிடியை ஒரு மாரிகாலம் முழுக்கத் தாங்கிப் பாருங்கள். மூன்று மாதத்தில் அஞ்சலீனா வாயைத் திறக்க முன்னம் ஒவ்வொரு சொல்லையும் யாழ்ப்பாணத் தமிழுக்கு மாற்றிப் பார்க்கப் பழகிவிட்டாள். மாற்ற ஏலாத சொல்லை விழுங்கிவிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் சலவை அறை வேலை கிடைத்தது. இல்லத்தில் முப்பத்தெட்டு வயோதிபர். அவர்களுடைய உடுப்பை எல்லாம் தோய்த்து, காயவைத்து, ஸ்திரிக்கை போட்டு, கழுத்துப் பட்டியில் பெயர்த் துண்டு தைத்து, உரிய ஆளுக்கு அனுப்ப வேண்டும். ஆள் மாறினால் தொலைந்தது. ஒரு சீமாட்டியின் ஊதாக் கார்டிகன் இன்னொருத்தியின் அலுமாரிக்குப் போனதற்கு இரண்டு பேரும் ஒரு கிழமை பேசாமல் இருந்தார்கள். குற்றவாளி அஞ்சலீனா.

ஊத்தைத் துணி மூட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வருகிற பராமரிப்புப் பெண்களில் ஐந்தாறு பேர் பிலிப்பீன்காரிகள். அவர்களில் மூத்தவள் லூர்டஸ். அஞ்சலீனாவை விடப் பத்து வயது கூட. கட்டையான, அகன்ற பெண். எழுபத்து மூன்றில் ஹோட்டல் அறை துடைக்க லண்டன் வந்தவள்.

"எங்கட ஊரில லூர்து எண்டு வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கு," என்று அஞ்சலீனா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அப்ப நீயும் அப்பிடியே கூப்பிடு."

அன்றிலிருந்து லூர்து அக்கா. அஞ்சலீனா இந்தக் கதைகளைச் சொல்லும்போது லூர்து அக்கா நல்ல மன்னார்த் தமிழில்தான் பேசுவாள். உண்மையில் அவர்கள் முதலில் பேசியது உடைந்த ஆங்கிலம், பிறகு தகாலோக். ஆனால் அஞ்சலீனாவின் ஞாபகத்தில் அந்தக் குரல் தமிழாகத்தான் கிடக்கிறது. நாமும் அதைக் கிளறாமல் விடுவோம்.

துணி காய வைக்கிற மெசினின் சூட்டுக்காகவே தேத்தண்ணி நேரத்தில் பிலிப்பீன்காரிகள் எல்லாரும் சலவை அறைக்குள் வந்து குந்துவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி மிலா என்று ஒருத்தி. கோயிலில் பூ அலங்காரம், பிறந்தநாள், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னுக்கு நிற்பாள். எல்லாரும் தகாலோக்கில் வெளுத்து வாங்குவார்கள். பக்கத்தில் பெயர்த் துண்டு தைத்துக்கொண்டிருக்கிற தமிழ்ப் பெட்டைக்கு என்ன விளங்கப் போகிறது என்ற துணிவு. பெட்டைக்குக் காது இருந்தது. தகாலோக்கில் 'இல்லை' என்றால் 'ஹிந்தி'. இவர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் ஹிந்தியை இழுக்கிறார்கள் என்று அவள் முதலில் குழம்பியதுண்டு. பெரியவர்களோடு பேசும்போது வசனத்துக்கு வசனம் 'போ' போட்டால்தான் மரியாதை. பெரியவர்களைப் பார்த்துப் போ போ என்கிறார்களே என்று அதிலும் ஒரு சிரிப்பு. சிரித்துச் சிரித்தே ஆறு மாதத்தில் பிடித்துவிட்டாள். ஒரு நாள் இல்லத்தை நடத்துகிற மேற்றனின் புதுத் தலையலங்காரத்தைப் பற்றி மிலா ஏதோ சொல்ல, அஞ்சலீனா தலையை நிமிர்த்தாமல் தகாலோக்கில் பதில் சொன்னாள். முதலில் சிரித்தது லூர்து அக்கா.

எண்பத்தாறில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு அறை, ஒரு குசினி, படியடியில் ஒரு ரெலிபோன். ஒரு பெண் தனியப் போய் இருப்பதா என்று அண்ணன் முகத்தைத் தூக்கினார். கோயிலுக்குப் பக்கத்தில்தான் வீடு என்று சொன்னதும் இறங்கிவிட்டார். அந்த ஐந்து வருடத்தைப் போல ஒரு காலம் தன் வாழ்க்கையில் முன்னமும் இல்லை, பின்னமும் இல்லை என்று அஞ்சலீனா சொல்லுவாள். சூசைதாசன் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தால் ஒருத்தி மீன் வெட்டுவாள், மற்றவள் சோறு போடுவாள். இரண்டு பேருமே கடற்கரைக்காரிகள். மீன் தலையை எறிகிற ஆளை இரண்டு பேருக்குமே பிடிக்காது. யன்னலுக்கு வெளியே மழை பெய்யும். அது பாட்டுக்குப் பெய்யட்டும் என்று இருப்பார்கள்.

இரண்டு கிழமைக்கு ஒருதரம், சாப்பாட்டுக்கு முன்னம், லூர்து அக்கா படியடிக்குப் போய் ஊருக்கு ரெலிபோன் எடுப்பாள். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை, அங்கே கூப்பிட்டு விடுவார்கள். அந்த ரெலிபோனில் வேறொரு லூர்து அக்கா பேசினாள். குரல் ஏறும், இறங்கும். சொல்லெல்லாம் கதவைச் சாத்துகிறது போல டப் டப் என்று முடியும். கோபத்தில் வேகமாகப் பேசுகிற தகாலோக் போல என்றுதான் அஞ்சலீனா கனநாள் நினைத்தாள். பிறகு யோசித்தாள். தங்கச்சியோடு இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஒருத்தி கோபப்படுவாளா?

"அக்கா, இண்டைக்கு ரெலிபோனில கதைச்சது என்ன பாஷை?"

"தகாலோக்."

"இல்லை. தகாலோக் எனக்கு விளங்கும். இதில அங்கொண்டு இங்கொண்டுதான் விளங்கினது."

லூர்து அக்கா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணியை இறுத்து, பானையை அடுப்பில் வைத்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"செபுவானோ. மிலாவுக்குச் சொல்லிப்போடாத."

அவள் எல்லாருக்கும் தான் மணிலாக்காரி என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் செபுத் தீவில் அர்காவ் என்ற கடலோர ஊர். பதினாறு வயதில் மணிலாவில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவள் தகாலோக் பேசுகிற விதத்தைப் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். வீட்டுக்காரி விருந்தாளிகளுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, ஏதாவது சொல்லு என்பாளாம். இரண்டு வருடத்தில் லூர்து அக்கா ஒரு பிழையும் பிடிக்க ஏலாத தகாலோக்கைப் படித்து முடித்தாள். லண்டனுக்கு வந்தபோது, எந்த ஊர் என்று கேட்ட முதல் ஆளுக்கு மணிலா என்றாள். பிறகு அதிலேயே நின்றுவிட்டாள்.

அஞ்சலீனாவுக்கு அன்றைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மேரிறோஸின் கதையைச் சொன்னாள். இதுவரை விழுங்கி வைத்திருந்த சொல்லையெல்லாம் வேண்டுமென்றே எடுத்து மன்னார்த் தமிழிலேயே பேசினாள். லூர்து அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் அந்தக் குசினியில் புதுப் பொழுதுபோக்கு. லூர்து அக்கா கையில் கிடைத்ததைத் தூக்கிக் காட்டி இரண்டு மொழியிலும் பெயர் சொல்லுவாள். சிலது அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். வீடு தகாலோக்கில் பாஹாய், செபுவானோவில் பாலாய். சீப்பு அங்கே சுக்லாய், இங்கே சுட்லாய். ஒன்று இரண்டு மூன்று அங்கே இசா, தலவா, தத்லோ. இங்கே உசா, துஹா, துலோ. சிலதுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாளைக்கு என்றால் அங்கே புகாஸ், இங்கே உக்மா. சிலது ஆளை ஏமாற்றும். லங்காம் என்றால் தகாலோக்கில் எறும்பு, செபுவானோவில் பறவை.

"அப்ப உங்கட ஊரில எறும்பு பறக்கும்," என்றாள் அஞ்சலீனா.

"மணிலாவில பறவை சீனிப் போத்தலுக்குள்ள கிடக்கும்," என்றாள் லூர்து அக்கா.

செபுவானோவில் அந்த மரியாதைப் 'போ' கிடையாது என்று தெரிந்தபோது அஞ்சலீனாவுக்கு நம்பவே முடியவில்லை. "அப்ப பெரியாக்களோட எப்பிடி மரியாதையாக் கதைப்பியள்?" என்று கேட்டாள். லூர்து அக்கா சற்று யோசித்தாள். "குரலைக் குறைச்சுக் கதைப்பம். அவ்வளவுதான்," என்றாள்.

தொண்ணூற்றொன்றில் அண்ணன் ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். சூசைதாசன், மனைவியை இழந்தவர், குட்மேய்ஸில் சொந்த வீடு, ரயில்வேயில் வேலை. அஞ்சலீனாவுக்கு முப்பத்து நாலு. கட்டு என்று முதலில் சொன்னது லூர்து அக்காதான். கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை விடச் சத்தமாக அழுததும் அவள்தான். பிறகு மாதத்தில் முதல் ஞாயிறு அஞ்சலீனா ரயில் எடுத்து லிவர்பூல் ஸ்ட்ரீற்றில் இறங்கி, 133ஆம் இலக்க பஸ்ஸில் ஸ்ட்ரெதமுக்குப் போவாள். முதல் வருடம் தவறவில்லை. பிறகு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை, சூசைதாசனின் தாய்க்குச் சுகமில்லை, பனி, ரயில் ஸ்ட்ரைக். சாட்டுக்கா பஞ்சம். தொண்ணூற்றாறு ஒக்டோபரில் மிலாவின் ரெலிபோன் வந்தபோது அஞ்சலீனா அந்தப் படியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"லூர்டஸுக்கு ஸ்ட்ரோக். ஒன்பது நாளாச்சு," என்றாள் மிலா. "உயிருக்குப் பயமில்லை. ஆனா மூளை போட்டுது அஞ்சி. இங்கிலீசும் இல்லை, தகாலோக்கும் இல்லை. பிதற்றுறா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் லூர்து அக்கா பாதியாகக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை போர்வைக்கு மேல் யாருடையதோ போலக் கிடந்தது. மிலா விசயத்தைச் சொன்னாள். டொக்டர் கேட்டுக்கொண்டபடி மிலா தினமும் பக்கத்தில் இருந்து தகாலோக்கில் பேசிப் பார்த்திருக்கிறாள். பதில் வருகிறதாம், ஆனால் சொல்லெல்லாம் உடைந்து, முதலும் முடிவும் இல்லாமல் வருகிறதாம். சீப்பைக் காட்டினால் அதன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லையாம். திங்கட்கிழமை கூட்டம் வைக்கிறார்கள். தன் விருப்பத்தைச் சொல்ல ஏலாத ஆள் என்று எழுதிவிட்டால், நகரசபைக் கவுன்சில் பிடித்துக் கொடுக்கிற ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். லண்டனுக்கு வெளியேயும் இருக்கலாம்.

இருபது வருடம் மற்றவர்களின் தாய் தகப்பனைக் கழுவித் துடைத்த கை அது. அஞ்சலீனா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். லூர்து அக்கா கண்ணைத் திறந்து, "டாய்," என்றாள். ஊர்த் தங்கச்சியை அவள் ரெலிபோனில் கூப்பிடுவது அப்படித்தான். பிறகு மெதுவாக, குழறிக் குழறி ஏதோ சொல்லத் தொடங்கினாள். சொல்லெல்லாம் டப் டப் என்று முடிந்தது.

அஞ்சலீனா மேசையில் இருந்த சீப்பை எடுத்துக் காட்டினாள்.

"சுட்லாய்," என்றாள் லூர்து அக்கா.

"பாத்தியே, சுக்லாய் எண்டு சொல்ல வாய் வருகுதில்லை," என்றாள் மிலா.

"மிலா," என்றாள் அஞ்சலீனா. "அவ சரியாத்தான் சொல்லுறா. இது செபுவானோ."

மிலாவைக் குறை சொல்லவும் முடியாது. முழுக்க வேறு மொழியாக இருந்திருந்தால் அவள் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். பாதிச் சொல் தன் மொழி போலவே இருந்ததால்தான், மணிலாக்காரியின் தகாலோக் நொறுங்கிப் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். லூர்து அக்கா மணிலாக்காரி இல்லை என்பதைக் கேட்டபோது மிலாவின் முகம் சிவந்தது. "இருபது வருசமா என்னட்டயே மறைச்சிருக்கிறா," என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்துவிட்டு, "நானும் செபுக்காரரின்ர பேச்சை வைச்சுப் பகிடியெல்லாம் விட்டிருக்கிறன்," என்று மெல்லச் சொன்னாள். இப்போது காதைக் கொடுத்துக் கேட்டால் தனக்கும் பாதி விளங்குகிறது என்றாள்.

டொக்டர் வந்தது மிலா வீட்டுக்குப் போன பிறகு. இளம் ஆள், பொறுமையான மனிதர். அஞ்சலீனா விசயத்தைச் சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பேனையைக் காட்டினார், கோப்பையைக் காட்டினார், விரல்களை எண்ணச் சொன்னார். உசா, துஹா, துலோ என்று லூர்து அக்கா எண்ணினாள். டொக்டர் வேகமாக எழுதினார். ஸ்ட்ரோக்கில் பேச்சுப் போகும்போது ஒரு மொழி மட்டும் தப்பி நிற்பது உண்டு என்றார். ஆங்கிலம் இப்போதைக்கு அவளுக்கு எட்டாது, போகப் போகத் திரும்பலாம் என்றார். பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். இனி எங்கே போய் இருக்க விரும்புகிறா?

அஞ்சலீனா தனக்குத் தெரிந்த உடைந்த செபுவானோவில் கேட்டாள். லூர்து அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அர்காவ்," என்றாள். பிறகு இன்னொருதரம், விளக்கமாக, அர்காவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றாள்.

டொக்டர் பேனையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அந்தப் பதில் விளங்கிய ஆள் ஒருத்திதான். அஞ்சலீனாவின் மனதில் வந்தது மேல்மாடி வீடும், படியும், தான் போகாமல் விட்ட மூன்று மாதத்து முதல் ஞாயிறுகளும். அஞ்சலீனாவும் ஒரு ஊரை ஏற்கனவே விட்டுவிட்டு வந்தவள். அந்த ஊருக்குப் பதிலாக இந்தப் பெரிய நகரத்தில் அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு ஆள்தான். இனிக் கிழமைக்குக் கிழமை வருவேன், தோய்த்துக் கொடுப்பேன், குளிக்க வார்ப்பேன் என்று மனம் கணப்பொழுதில் பேரம் பேசியது. அங்கே என்ன ஆஸ்பத்திரி இருக்கப் போகிறது என்று ஒரு நியாயமும் கூட வந்து நின்றது.

"ஸ்ட்ரெதம்," என்றாள் டொக்டரிடம். "அவவின்ர சொந்த வீட்டில, உதவியோட இருக்க விருப்பமாம்."

டொக்டர் எழுதிக்கொண்டார். லூர்து அக்கா முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அஞ்சலீனா லீவு போட்டுவிட்டுக் கஞ்சியோடு போனாள். லூர்து அக்கா கஞ்சியைக் குடித்தாள். தலை வாரக் கொடுத்தாள். ஆனால் ஒரு சொல் பேசவில்லை. மிலாவோடும் பேசவில்லை. டொக்டர் வந்து பேனையைக் காட்டினார். பேச்சில்லை. சனிக்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை கேட்டது தற்செயலாக இருக்கலாம், இப்படியே போனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் தன்னால் எதுவும் சொல்ல முடியாமல் போகும் என்றார் டொக்டர்.

அஞ்சலீனா பயந்து போனாள். இருந்த ஒரு மொழியும் போய்விட்டதோ, ஆண்டவர் தண்டிக்கிறாரோ, தண்டிக்கிறதென்றால் தன்னையல்லவா தண்டிக்க வேண்டும் என்று அழுதாள். சனிக்கிழமை பின்னேரம் கோயிலில் சுவாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். சுவாமி என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். பொய் சொன்ன இடத்தில் போய் உண்மையைச் சொல் என்பார். சுவாமியிடம் கேட்டுவிட்டால் பிறகு தப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் லூர்து அக்காவின் பக்கத்தில் முழு நாளும் இருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, டொக்டரும் கவுன்சிலில் இருந்து ஒரு பெண்ணும் தாதியும் நின்றார்கள். மிலாவும் வந்திருந்தாள். கவுன்சில் பெண் கோவையைத் திறந்து, பேச்சு இல்லாத நிலையில் என்று தொடங்கினாள்.

"நான் பொய் சொன்னனான்," என்றாள் அஞ்சலீனா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "வியாழக்கிழமை அவ ஸ்ட்ரெதம் எண்டு சொல்லேல்லை. அர்காவ் எண்டு சொன்னவ. அவவின்ர ஊர். தங்கச்சி இருக்கிறா அங்கை. அவ இஞ்ச இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டது நான்."

கவுன்சில் பெண் கோபப்பட்டாள். இப்படியான விசயத்தில் மொழிபெயர்க்கிறவர் தன் விருப்பத்தைச் சொல்லலாமா என்று கேட்டாள். நியாயமான கோபம்தான். அஞ்சலீனா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். டொக்டர் மட்டும் லூர்து அக்காவைப் பார்த்தார். பார்த்தால், அவள் யன்னலை விட்டுத் திரும்பி அஞ்சலீனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டில் சில்லு வைத்த ரெலிபோன் வண்டி ஒன்று இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து வயரைச் சுவரில் செருகினார்கள். படியடியில் லூர்து அக்கா எடுக்கப் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அந்தக் கடை நம்பரை அஞ்சலீனா அமத்தினாள். கடைக்காரன் தங்கச்சியைக் கூப்பிட ஓடினான். பிறகு லூர்து அக்கா இடது கையால் ரிசீவரைப் பிடித்து, குழறினாலும் நிற்காமல் பேசினாள். கேட்டாள், பதில் சொன்னாள், ஒரு இடத்தில் சிரித்தாள். மிலா அழுதுகொண்டே காதைக் கொடுத்துக் கேட்டு, ஒவ்வொரு வசனமாகக் கவுன்சில் பெண்ணுக்குச் சொன்னாள். அர்காவ் என்ற பெயருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

அனுப்புவதற்கான அலுவல்கள் முடிய மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் லூர்து அக்காவுக்கு ஆங்கிலம் பாதியும் தகாலோக் முக்காலுமாகத் திரும்பியிருந்தன. கோல் ஊன்றிப் பத்து அடி நடப்பாள். அஞ்சலீனா கிழமை தவறாமல் போனாள். இரண்டு பேரும் பழைய கதையெல்லாம் பேசினார்கள், அந்த வியாழக்கிழமையைத் தவிர. அன்றைக்கு டொக்டரிடம் தான் என்ன சொன்னாள் என்பது லூர்து அக்காவுக்குத் தெரியாது என்றுதான் அஞ்சலீனா நினைத்திருந்தாள். ஆங்கிலம் எட்டாது என்று டொக்டரே சொன்னவர். கூட்டத்தில் ஒப்புக்கொண்டதும் ஆங்கிலத்தில்தான்.

ஜனவரி மாதம், ஹீத்ரோவில், கூட்டிப்போக வந்திருந்த பெறாமகள், அந்தத் தங்கச்சியின் மகள், பெட்டிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். லூர்து அக்கா சக்கரக் கதிரையில் இருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அஞ்சலீனாவுக்குப் பட்டது. கதிரைக்கு முன்னால் குந்தினாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாத ஒண்டு இருக்கு. முதல் நாள் டொக்டர் கேக்க, நான்..."

"ஸ்ட்ரெதம் எண்டனீ."

அஞ்சலீனா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கிலீஸ் விளங்கேல்லைத்தான்," என்றாள் லூர்து அக்கா. "ஆனா இருபது வருசம் இருந்த இடத்தின்ர பேர் விளங்காதே? நான் அர்காவ் எண்டன். நீ ஸ்ட்ரெதம் எண்டாய். அவர் எழுதினார்."

"அப்ப அந்த மூண்டு நாளும் உங்களுக்குப் பேச ஏலாமல் இருக்கேல்லையா?"

"பேச ஏலும்."

"பிறகு ஏன் பேசாமல் கிடந்தனீங்கள்? அவங்கள் உங்களை எங்கயோ ஒரு இல்லத்தில கொண்டுபோய்ப் போட்டிருப்பாங்கள்."

"மிலாவுக்கு அப்ப பாதி விளங்கத் தொடங்கீட்டுது. நான் வாயைத் திறந்தா அர்காவ் எண்டுதான் வரும். எல்லாருக்கும் முன்னால நீ பொய்க்காரி ஆகியிருப்பாய்." லூர்து அக்கா இடது கையால் அஞ்சலீனாவின் தலையைத் தொட்டாள். "நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தன்."

"நான் சொல்லாமல் விட்டிருந்தா?"

"நீ சொன்னனீதானே," என்றாள் லூர்து அக்கா.